தனியாகக் குடித்த காப்பி: ‘மை வே’ பாட்டுக்கு முன்னால் இருந்த பிரெஞ்சுப் பாட்டு

காலையில் ஒருவன் எழுகிறான். பக்கத்தில் தூங்குபவளைத் தெரியாமல் இடித்துவிடுகிறான், அவள் விழிக்கவில்லை. குளிருமே என்று போர்வையை இழுத்து அவள்மேல் போடுகிறான். கை தன்னால் அவள் தலைமுடிக்குப் போகிறது. அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறாள். அவன் உடுத்திக்கொண்டு, தனியாகக் காப்பி குடித்துவிட்டு, சத்தம் காட்டாமல் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். இதில் ஒவ்வொரு செயலுக்கும் பிறகு அவன் சொல்வது ஒரே சொல்: ‘வழக்கம்போல’. பிரெஞ்சில் ‘கொம் தபித்யூத்’. பாட்டின் பெயரும் அதுதான்.

இந்த மெட்டை உலகம் வேறு பெயரில் அறியும். ஃபிராங்க் சினாட்ரா பாடிய ‘மை வே’. வாழ்க்கையின் கடைசித் திரை விழப்போகும் நேரத்தில் ஒருவர் நிமிர்ந்து நின்று, நான் எல்லாவற்றையும் என் வழியில்தான் செய்தேன் என்று நண்பரிடம் சொல்கிற பாட்டு. பிரிட்டனில் இறுதிச் சடங்குகளில் ஒலிக்கும் பாட்டுகளில் இது பல காலமாக முன்னணியில் இருக்கிறது.

எனக்குப் பல வருடம் ‘மை வே’ மட்டும்தான் தெரியும். பிரெஞ்சுப் பாட்டை முதல்முறை வரிகளோடு வைத்துக் கேட்டபோது, இது மொழிபெயர்ப்பு என்று யார் சொன்னது என்றுதான் தோன்றியது. ஒரு சொல்கூட ஒட்டவில்லை. அதில் இருந்த பெண் இதில் இல்லை. அந்தப் போர்வை இல்லை, காப்பி இல்லை. ஆனால் மெட்டு அதேதான், ஏறும் இடமும் இறங்கும் இடமும் அப்படியேதான். தோற்றுப்போன ஒரு வீட்டின் பாட்டு, வென்று முடித்த ஒருவரின் பாட்டாக மாறியது எப்படி? இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டதில் விடை ஒரு சின்ன இடத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த இடத்துக்குப் போகும் முன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தத்தகாரமாகத் தொடங்கியது

1967-இல் ஜாக் ரெவோ என்ற இளம் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒரு மெட்டுப் போட்டார். அதற்கு ‘ஃபார் மீ’ என்று பெயர் வைத்து, ஆங்கிலத்தில் ஏதோ வரிகள் வைத்திருந்தார். அன்றைய பாரிஸில் இது சாதாரணம்; ஆங்கிலச் சொல் போட்டால் நவீனமாக ஒலிக்கும். நம் ஊரில் மெட்டைப் பாடிக் காட்டும்போது ‘தன்னான னானா’ என்று தத்தகாரம் போடுவோமே, கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் அந்த ஆங்கிலம் செய்தது. ஆக, பின்னால் ஆங்கிலத்தில் உலகப் புகழ் பெறப்போகும் மெட்டு, பிரெஞ்சுக்காரர் ஒருவர் வைத்த பேருக்கு ஒரு ஆங்கிலத்தோடுதான் பிறந்தது.

எர்வே விலார் என்ற பாடகர் பக்கம் அது கொஞ்ச காலம் போனது. அங்கே தங்கவில்லை. கடைசியில் க்ளோத் ஃபிரான்சுவாவிடம் வந்தது.

க்ளோத் ஃபிரான்சுவாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1939-இல் எகிப்தில், சூயஸ் கால்வாய்க் கரையில் உள்ள இஸ்மாயிலியாவில் பிறந்தவர். அப்பா கால்வாய் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1956-இல் எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்கியதும் குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மொனாக்கோவுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. பிறகு பாரிஸ் வந்து பாடகராகி, அறுபதுகளில் ‘க்ளோக்ளோ’ என்று ரசிகர்கள் கொண்டாடும் நட்சத்திரமானார். அவர் பெயர் எடுத்ததே அமெரிக்கப் பாட்டுகளைப் பிரெஞ்சாக்கிப் பாடித்தான். 1962-இல் அவரை உயர்த்திய ‘பெல் பெல் பெல்’ எவர்லி சகோதரர்கள் பாடிய ஒரு பாட்டின் பிரெஞ்சு வடிவம். ‘இஃப் ஐ ஹேட் எ ஹேமர்’ பாட்டையும் பிரெஞ்சில் பாடி வெற்றி கண்டார். ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவருக்கு, எதிர்த்திசையில் போன ஒரு பாட்டுதான் உலகப் பெயர் வாங்கித் தந்தது.

பாரிஸுக்குத் தெற்கே தானெமுவா என்ற ஊரில் பழைய தண்ணீர் ஆலை ஒன்றை வாங்கி வீடாக்கி வைத்திருந்தார். 1967 ஆகஸ்டில் அங்கேதான் ரெவோவும் அவரும் மெட்டைத் திரும்ப எடுத்து வேலை செய்தார்கள். அப்போது அவருக்கும் பாடகி ஃபிரான்ஸ் காலுக்கும் இருந்த காதல் முறிந்திருந்தது. ஃபிரான்ஸ் கால் என்பவர் 1965 யூரோவிஷன் போட்டியில் லக்சம்பர்க் சார்பில் வென்றவர். இரண்டு பேரும் ஓயாமல் பயணத்தில் இருக்கும் நட்சத்திரங்கள். ஒருவர் வரும்போது இன்னொருவர் வீட்டில் இருக்க மாட்டார். அந்த வெறுமையை வரிகளாக்கும்போது கூட இருந்தவர் ஜில் திபோ. பின்னால் ஜானி ஹாலிடேவுக்கு ‘க ஜ தெம்’ எழுதிய அதே பாடலாசிரியர்.

வரியில் காலம் ஓடும் விதம்

பிரெஞ்சு வரிகளில் எனக்கு மிகவும் பிடித்தது வினைச்சொற்கள். பாட்டு நிகழ்காலத்தில் தொடங்குகிறது: எழுகிறேன், போர்த்துகிறேன், கிளம்புகிறேன். பாதியில் அப்படியே எதிர்காலத்துக்கு வழுக்கிவிடுகிறது. நாள் முழுக்க நடிக்கப்போகிறேன், சிரிப்பேன். பொழுது போகும், நான் வீட்டுக்கு வருவேன், நீ வெளியே போயிருப்பாய். பெரிய குளிர்ந்த கட்டிலில் தனியாகப் படுப்பேன், கண்ணீரை மறைத்துக்கொள்வேன். நீ வருவாய், நான் காத்திருப்பேன், நீ என்னைப் பார்த்துப் புன்னகை செய்வாய். முத்தமிடுவோம். அதையும் நடிப்போம்.

இன்னும் நடக்காத ராத்திரியை ஒரு மனிதன் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது என்றால், நேற்றும் அதுதான் நடந்தது, முந்தாநாளும் அதுதான். எதிர்கால வினையை வைத்தே அலுப்பைச் சொல்லிவிட்டார்கள். ‘சலித்துவிட்டது’ என்று பாட்டில் ஓர் இடத்தில்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆங்கிலப் பாட்டில் காலம் தலைகீழ். முடிவு நெருங்கிவிட்டது என்று தொடங்கி, அங்கிருந்து திரும்பிப் பார்க்கிறது: வாழ்ந்தேன், பயணம் போனேன், காதலித்தேன், அழுதேன், செய்தேன். எல்லாம் இறந்தகாலம். நீ என்ற காதலியின் இடத்தில் ‘என் நண்பரே’ என்று பொதுவாக ஒருவர். மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்த்துப் பேசுவதற்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு டாலர் ஒப்பந்தம்

பால் ஆன்கா கனடாவின் ஒட்டாவாவில் பிறந்தவர். பதினாறு வயதில், 1957-இல், ‘டயானா’ பாட்டால் உலகப் புகழ் பெற்றவர். பிரான்ஸின் தெற்கே தங்கியிருந்தபோது ‘கொம் தபித்யூத்’ அவர் காதில் விழுந்தது. பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை, அதை அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அதில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று பட்டது. பாரிஸுக்குப் பறந்து உரிமை பேசினார்.

இங்கே ஒரு தவறான பேச்சைத் திருத்த வேண்டும். ‘ஒரு டாலர் கொடுத்துப் பாட்டைச் சுருட்டிவிட்டார்’ என்று பலர் சொல்கிறார்கள். ஒரு டாலர் என்பது உண்மைதான். ஒப்பந்தம் சட்டப்படி செல்ல ஏதாவது ஒரு தொகை கைமாற வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட பேரளவுத் தொகை அது. அதோடு ஒரு நிபந்தனையும் இருந்தது: அந்த மெட்டை வைத்து ஆன்கா என்ன செய்தாலும், மூலப் படைப்பாளிகளின் ராயல்டி பங்கு அவர்களுக்கே. பாட்டு தூங்கியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. எழுந்ததால், ஒவ்வொரு ஒலிபரப்புக்கும் பாரிஸுக்கும் பணம் போனது. நியாயமான ஒப்பந்தம் என்றுதான் நான் சொல்வேன்.

இதே மெட்டுக்கு ஆன்காவுக்கு முன்பே ஆங்கில வரி எழுதியவர் ஒருவர் உண்டு. 1968-இல் லண்டனில், அப்போது யாரும் அறியாத டேவிட் போவி. கோமாளி ஒருவனைப் பற்றி ‘ஈவன் எ ஃபூல் லேர்ன்ஸ் டு லவ்’ என்று எழுதிப் பதிவும் செய்தார். எடுபடவில்லை. அந்தக் காயம் ஆறாமல் 1971-இல் ‘லைஃப் ஆன் மார்ஸ்?’ பாட்டை எழுதி, அதைக் கொண்ட ஆல்பத்தின் உறையில் ‘ஃபிராங்கியின் தூண்டுதலால்’ என்று சினாட்ராவைச் சுட்டிக் குறிப்பும் போட்டார். இரண்டு பாட்டுகளின் தொடக்கத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மேலே மெட்டு கிட்டத்தட்ட ஓரிடத்தைச் சுற்றிவர, அடியில் பேஸ் அரை அரைச் சுரமாகப் படியிறங்கும். ரெவோ போட்ட அந்தப் படிக்கட்டுதான் போவியிடமும் இருக்கிறது.

ராத்திரி ஒரு மணி, நியூயார்க்

ஆன்கா மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உடனே எழுதவில்லை. ஃபுளோரிடாவில் ஒருநாள் சினாட்ராவோடு சாப்பிட உட்கார்ந்தபோது, எனக்குப் போதும், இந்தத் தொழிலையே விடப்போகிறேன் என்று சினாட்ரா சொன்னார். அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. ராக் இசை வந்து அவருடைய காலத்தை மூடிக்கொண்டிருந்தது.

நியூயார்க்குக்குத் திரும்பிய ஆன்கா, ராத்திரி ஒரு மணிக்குப் பழைய ஐபிஎம் மின் தட்டச்சுப்பொறி முன் உட்கார்ந்தார். தன்னிடம் கேட்டுக்கொண்ட கேள்வி: சினாட்ராவே இதை எழுதினால் என்ன சொல்வார்? பிரெஞ்சு வரிகளின் பொருள் என்ன என்ற கேள்வி அந்த மேஜைக்கு வரவே இல்லை. தான் சாதாரணமாக எழுதாத முரட்டுச் சொற்களை, மென்று துப்பினேன் என்பது மாதிரியான பேச்சை, சினாட்ராவும் அவர் கூட்டாளிகளும் பேசுகிற பாணி என்பதற்காகவே உள்ளே விட்டார். விடிகாலை ஐந்து மணிக்கு முடித்துவிட்டு, லாஸ் வேகாஸில் சீசர்ஸ் பேலஸில் இருந்த சினாட்ராவுக்கு போன் செய்தார். ஐம்பத்து மூன்று வயதுக்காரரின் கடைசித் திரையை எழுதிய கை இருபத்தேழு வயதுக்காரருடையது.

1968 டிசம்பர் 30 அன்று ஹாலிவுட்டில் பதிவு நடந்தது. டான் கோஸ்டாவின் இசைக்கோவை.

‘வழக்கம்போல’ விழுந்த இடங்கள்

முன்பு சொன்ன சின்ன இடம் இதுதான். பிரெஞ்சுப் பாட்டின் முதல் பத்தியை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ‘கொம் தபித்யூத்’ நான்கு முறை வருகிறது. அவள் விழிக்கவில்லை, வழக்கம்போல. குளிருமே என்று பயம், வழக்கம்போல. தன்னையறியாமல் கை போகிறது, வழக்கம்போல. முதுகு திரும்புகிறாள், வழக்கம்போல. மெட்டில் ஒரு சின்ன வாக்கியம் முடியும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் வந்து விழுகிறது, பெருமூச்சு மாதிரி. மெட்டும் அதற்காகவே அமைந்தது போல ஒரே உருவைத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது.

இப்போது ஆங்கிலத்தின் முதல் பத்தி. ‘மை வே’ எத்தனை முறை? ஒரே முறை, கடைசி இரண்டு அசையில். பிரெஞ்சில் பெருமூச்சு விழுந்த மற்ற மூன்று இடங்களிலும் ஆன்கா பேச்சை நிரப்பிவிட்டார். திரை, உறுதி, நெடுஞ்சாலை என்று வாக்கியம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கேட்பவருக்கு எங்கேயும் இளைப்பாற இடமில்லை, காத்திருக்க வேண்டும். எட்டு வரி காத்திருந்த பிறகு முத்தாய்ப்பு வருகிறது.

திரும்பத் திரும்ப வந்தால் அது வழக்கம். ஒரே முறை கடைசியில் வந்தால் அது தீர்ப்பு. மெட்டில் ஒரு சுரத்தையும் தொடாமல், கொக்கிச் சொல் விழும் எண்ணிக்கையை நாலிலிருந்து ஒன்றாகக் குறைத்ததிலேயே பாட்டின் குணம் மாறிவிட்டது. ஆன்காவின் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் கவிதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல வரிகள் சாதாரணமானவை. ஆனால் எதை எங்கே வைக்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சந்தத்துக்குப் பாட்டு எழுதும் எவரும் கற்றுக்கொள்ள வேண்டிய கைவேலை அது.

மெட்டு மேலே ஏறும் இடத்தையும் பாருங்கள். பிரெஞ்சில் குரல் உச்சத்துக்குப் போகும்போது வருவது நடிப்பு: நாள் முழுக்கப் பாசாங்கு செய்யப்போகிறேன் என்கிறான். சத்தம் போட்டுச் சொல்ல முடியாத விஷயத்தைச் சத்தம் போட்டுப் பாடுகிறான். அந்த முரண் நெஞ்சைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் அதே ஏற்றத்தில் வருவது வீரம்: அளவுக்கு மீறிக் கடித்தேன், மென்றேன், துப்பினேன், நிமிர்ந்து நின்றேன். சொல்லும் சுரமும் ஒரே பக்கம் இழுக்கின்றன. மேடையில் இது பத்து மடங்கு பலம். தனி அறையில் கேட்கும்போது எனக்குப் பிரெஞ்சுதான் பெரிதாகத் தெரிகிறது.

மற்ற பயணங்கள்

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன எல்லாப் பாட்டும் இப்படி அடியோடு மாறவில்லை. ஜில்பெர் பெக்கோவின் ‘எ மந்த்நோ’ ஆங்கிலத்தில் ‘வாட் நவ் மை லவ்’ ஆனபோது, இனி என்ன செய்வேன் என்ற அதே கேள்வி அதே இடத்தில் நின்றது. ஷார்ல் திரெனேயின் ‘லா மேர்’ கடலைத் தவிர வேறு கதாபாத்திரம் வேண்டாத பாட்டு. ஜாக் லாரன்ஸ் ஆங்கிலத்தில் அதற்கு அக்கரையில் காத்திருக்கும் ஒரு காதலியைச் சேர்த்தார், பாபி டேரின் அதை ‘பியாண்ட் தி சீ’ என்று துள்ளலாகப் பாடினார். ழாக் பிரெலின் ‘ல மொரிபோ’னில் சாகக்கிடப்பவன் தன் மனைவியின் கள்ளக் காதலனுக்கும் விடை சொல்கிறான். அதிலிருந்து வந்த ‘சீசன்ஸ் இன் தி சன்’னை 1974-இல் டெர்ரி ஜாக்ஸ் பாடியபோது அந்த ஆளைக் காணோம், கசப்பு போய் இனிப்பு மட்டும் மிச்சம். ஜாக் பிரெவேர் எழுதி ஜோசப் கோஸ்மா இசையமைத்த ‘லே ஃபேய் மோர்த்’, ஜானி மெர்சரின் கையில் ‘ஆட்டம் லீவ்ஸ்’ ஆனபோது, முன்னால் இருந்த நீண்ட நினைவுப் பகுதியை விட்டுவிட்டு உதிர்ந்த இலைகளை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆனால் அதன் துக்கம் பிழைத்தது. இவற்றோடு வைத்துப் பார்க்கும்போதுதான் ‘மை வே’யின் தூரம் புரிகிறது. மற்றவர்கள் வீட்டைப் பழுது பார்த்தார்கள்; ஆன்கா அடித்தளத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேறு வீடு கட்டினார்.

பிறகு நடந்தவை

அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் ‘மை வே’ 27-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. பிரிட்டனில் 5-ஆம் இடம் வரை போனது. ஆனால் 1969-க்கும் 1971-க்கும் இடையில் முதல் நாற்பதுக்குள் மொத்தம் 75 வாரம், வெளியே போய்த் திரும்பத் திரும்ப வந்து, உட்கார்ந்திருந்தது.

எல்விஸ் பிரெஸ்லி 1973-இல் ஹவாய் நிகழ்ச்சியில் பாடினார். 1978-இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக்குழுவின் சிட் விஷியஸ் வரிகளைக் கன்னாபின்னாவென்று மாற்றிக் கத்திப் பதிவு செய்தார். பாரிஸில்தான் அது நடந்தது. 1989 அக்டோபரில் சோவியத் வெளியுறவுத் துறைப் பேச்சாளர் கென்னடி கெராசிமோவ், கிழக்கு ஐரோப்பிய நாடுகள் இனி தங்கள் வழியைத் தாங்களே முடிவு செய்யலாம் என்பதற்கு ‘சினாட்ரா கோட்பாடு’ என்று பெயர் வைத்தார். தானெமுவா ஆலை வீட்டில் காதல் முறிந்த துக்கத்தில் வரிகள் ஏறிய மெட்டு, ஒரு வல்லரசின் கொள்கைக்குப் பெயராகும் வரை போயிருக்கிறது.

சினாட்ரா 1971-இல் ஓய்வு அறிவித்து, 1973-இல் திரும்பி வந்தார். அதன்பிறகு வருடக்கணக்கில் இந்தப் பாட்டைப் பாடாமல் மேடையை விட்டு இறங்க முடியவில்லை. அவருக்கு அது பிடிக்காமல் போய்விட்டது, தற்பெருமை அடிக்கிற பாட்டு என்று நினைத்தார் என்று அவர் மகள் டீனா சொல்லியிருக்கிறார். விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ராத்திரிக்கு ராத்திரி எழுந்து நின்று அதே வரிகளைப் பாடி, அதே இடத்தில் கையை உயர்த்தி, கைதட்டல் வாங்கிக்கொண்டு போக வேண்டும். நாள் முழுக்க நடிக்கப்போகிறேன் என்று பிரெஞ்சுப் பாட்டில் ஒருவன் சொல்வது அப்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருகிறது.

க்ளோத் ஃபிரான்சுவா 1978 மார்ச் 11 அன்று பாரிஸ் வீட்டுக் குளியலறையில் மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 39.

‘மை வே’ இசைத்தட்டு ஏதாவது கையில் கிடைத்தால் பாட்டுக்குக் கீழே உள்ள பெயர்களைப் பாருங்கள். ஆன்கா, ரெவோ, ஃபிரான்சுவா. கூடவே திபோ. அவர் எழுதிய ஒரு சொல்கூட அந்தத் தட்டில் இல்லை. போர்வை, முதுகு, தனியாகக் குடித்த காப்பி எல்லாம் பிரெஞ்சிலேயே தங்கிவிட்டன. பெயர் மட்டும் கூடவே போயிருக்கிறது.